வழுக் காண்டலும் வழி காட்டலும்

உலகத்தில் எத்தொழிலைக் கற்பாரும் முதற்கண் பிழை செய்தே கற்கின்றனர். நடை பயிலும் மகவு விழுந்தெழுந்து நடக்கின்றது. எழுதப் பழகும் சிறுவன் லகரத்தையும் ளகரத்தையும் மாற்றி எழுதிப் பின்னர்த் திருந்துகின்றான். தறியில் அமர்ந்தவன் இழையை அறுத்தன்றி நெசவு கற்றானில்லை. இவர்தம் பிழைகளைக் காண்போர் புன்முறுவல் செய்து பொறுத்துக்கொள்கின்றனர். ஆயின் கணினிக்கு நிரல் எழுதக் கற்பானது நிலை வேறு. அவன் செய்த பிழை, எழுதி முடித்த அக்கணமே, பெரும்பாலும் செந்நிற எழுத்துகளாய் அவன் முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றது. அவ்வெழுத்துகளோ ஆங்கிலம். தமிழ் வழியிற் பயின்று வந்த மாணவன் ஒருவன் அதனைக் காணுந்தோறும், தன்னை எவரோ பலர் முன்னிலையில் கடிந்துகொண்டதுபோல நாணுகின்றான்; சின்னாளில், இக்கல்வி நமக்கு ஆகாது என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டு விலகியும் விடுகின்றான்.

அத்தகையானுக்கு அருகிருந்து உதவுவார் யாது செய்தல் வேண்டும், யாது செய்தலாகாது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். நிரல் என்பது, கணினி செய்யவேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைவுபட எழுதிய கட்டளைத் தொகுதி. அதன்கண் நேர்ந்த குற்றத்தைத் தேடிக் களைதலைப் பிழைநீக்கம் என்பர். இது பொறியியல் மாணவர்க்கே உரியது, தமிழ் பயில்வார்க்கு இதிற் பங்கில்லை என்று நம் கல்லூரி நண்பர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

இடமும் தேவையும்

யாம் இதனை எழுதப் புகுந்தமைக்கு நாம் வாழும் நிலப்பகுதியே முதற்காரணம். ஓசூர் என்னும் பெயர் கன்னடத்திற் புத்தூர் என்று பொருள்படும். பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கருநாடக எல்லையை ஒட்டி நிற்கும் இவ்வூர், பெயருக்கேற்ப நம் தந்தையர் காலத்திலேயே புத்தூராக மாறியது. 1971 ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது; அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 2004 ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019 ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பெருந்தொழிற்சாலைகளைச் சூழ, அவற்றுக்கு உறுப்புகள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் எண்ணிறந்தன தோன்றின.

அப்பட்டறைகளில் முன்பு கைத்திறனால் இயங்கிய லேத்து இயந்திரங்களின் இடத்தை இப்பொழுது சி.என்.சி. இயந்திரங்கள் பெரும்பாலும் பற்றிக்கொண்டன. இவை எழுதிக் கொடுத்த நிரலின்படி இரும்பைக் கடைவன. ஆகவே நிரற்பிழை என்பது இந்நிலப்பகுதியில் மதிப்பெண்ணளவில் நிற்பதொன்றன்று. சில கட்டுப்பாட்டுக் கருவிகளில் 10 என்னும் எண்ணுக்குப்பின் ஒரு புள்ளியை இட மறந்தால், கருவி அதனைப் பத்து மில்லிமீட்டர் என்று கொள்ளாது, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்திற் பத்துக் கூறு என்றே கொள்ளும். ஜி 21 என்றால் அளவு மில்லிமீட்டர். ஜி 20 என்றால் அங்குலம். ஓர் எண் மாறினால் கருவி இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்ட தொலைவு ஓடும். உளி முறியும்; உருப்படி பாழாகும்; அருகு நிற்பானுக்கும் தீங்கு நேரலாம்.

இத்தகைய பிழை சிற்றூர்ப் பட்டறைக்கே உரியதன்று. 1998 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்கர் செவ்வாய்க் கோளை நோக்கி ஏவிய ஆய்வுக்கலம் ஒன்று, 1999 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 ஆம் நாள் அக்கோளை அணுகியபொழுது அழிந்தொழிந்தது. காரணம் யாதெனின், ஒரு நிரல் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் அளந்து கொடுக்க, அதனைப் பெற்ற கணக்கீடு நியூட்டன் அளவென்று எண்ணிக்கொண்டமையே. பேரறிஞர் பலர் கூடிய இடத்தும் நிகழக்கூடியதாயின், பதினேழு அகவை மாணவன் ஒருவன் பிழை செய்தல் நாணத்தக்கதன்று. அப்பிழையைத் தேடும் முறையை அவனுக்குக் கற்பியாமல் விடுவதே நாணத்தக்கது.

ஒரு பயிற்சியும் அதன் பிழைகளும்

பொதுப்படக் கூறுதல் உளங்கொளாது. ஆதலின் ஓர் எடுத்துக்காட்டினை எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூல் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பிப்பது. அம்மொழியில் ஒரு மாணவனுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி இது: ஓசூர்த் தோட்டம் ஒன்றினின்று ஒரு வாரத்தின் ஏழு நாளும் அனுப்பிய ரோசாக் கட்டுகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்று, அவற்றின் மொத்தத்தையும் ஒரு நாளைய சராசரியையும் காட்டுக.

மாணவன் ஆறு வரிகள் எழுதினான். முதல் வரியில் ‘மொத்தம்’ என்னும் பெயருக்குச் சுழியத்தை மதிப்பாகக் கொடுத்தான். இரண்டாம் வரியில், ஒன்று முதல் ஏழு வரை என்று கருதி, மீள மீளச் செய்யும் மடக்குக் கட்டளையை அமைத்தான். மூன்றாம் வரி அன்றைய எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுவது. நான்காம் வரி அதனை மொத்தத்தோடு கூட்டுவது. ஐந்தாம் வரி மொத்தத்தை ஏழால் வகுப்பது. ஆறாம் வரி விடையைக் காட்டுவது. எண்ணம் செவ்விதே. ஆயினும் இயக்கியவுடன் ‘சின்டாக்ஸ் எரர்’ என்னும் செய்தி தோன்றிற்று. மாணவன் கைகளை மேசையினின்று எடுத்துக்கொண்டு, “அண்ணா, கணினி கெட்டுவிட்டது” என்றான்.

ஈண்டுதான் உதவுவானுக்கு முதற் சோதனை நேர்கின்றது. அறிந்தவன் கண்ணுக்கு இரண்டாம் வரியின் ஈற்றில் முக்காற்புள்ளி இல்லாமை ஒரு நொடியிற் புலனாகும். கையை நீட்டி அதனை இட்டுவிடுதல் எளிது. இட்டால் மாணவன் நன்றியும் கூறுவான். ஆயின் அவன் கற்றது யாது? அறிந்தவர் ஒருவர் அருகிருந்தால் பிழை நீங்கும் என்பதொன்றே. நாளை அவர் இலராயின் அவன் நிலை பழைய நிலையே. ஆதலின் அன்று அவனருகிருந்த எம்முள் ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, “தம்பி, அது என்ன சொல்கின்றது என்று உரக்கப் படி, எத்தனையாம் வரி என்று பார்” என்று மட்டும் கூறினார். மாணவன் படித்தான், வரியெண்ணைக் கண்டான், தன் பாடநூலில் உள்ள மடக்கோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான், தானே முக்காற்புள்ளியைக் கண்டுபிடித்தான். ஒரு நொடிக்கு மாறாக நான்கு நிமிடம் சென்றது. அந்நான்கு நிமிடமே அன்றைய பாடம்.

இரண்டாவதாகத் தோன்றியது ‘டைப் எரர்’. நான்காம் வரியிற் கூட்டல் இயலாது என்று கணினி மறுத்தது. காரணம் இது: பைத்தானில் இன்புட் என்னும் கட்டளை, நாம் தட்டெழுதியதை எண்ணாகக் கொள்வதில்லை, எழுத்துகளின் கோவையாகவே கொள்ளும். அதனைச் சரம் என்பர். 12 என்று தட்டினால் கணினி பன்னிரண்டு என்று அறியாது. ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துவடிவம் என்றே அறியும். சுழியமாகிய எண்ணோடு சரத்தைக் கூட்டுவது எங்ஙனம்? இவ்விளக்கத்தைப் பாதி கேட்டவுடனே மாணவன் விரைந்து, முதல் வரியிலுள்ள சுழியத்தையும் மேற்கோட் குறிக்குள் அடைத்துச் சரமாக்கிவிட்டான்! இரண்டும் ஓரினமாயின, நான்காம் வரியின் பிழை மறைந்தது. ஆயின் 12, 30 எனத் தட்டியபொழுது மொத்தம் 42 ஆகவில்லை. சுழியத்தின்பின் 12 உம் 30 உம் ஒட்டி 01230 என நின்றது. அதனை ஏழால் வகுக்கச் சொன்ன ஐந்தாம் வரியில் மீண்டும் அதே பிழை முளைத்தது. பிழை நீங்கவில்லை; வேறோரிடத்திற்குக் குடிபெயர்ந்தது. காரணம் அறியாது செய்யும் திருத்தத்தின் இயல்பு இதுவே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவன் முதலில் நோயை அறிதல் வேண்டும், பின்னர் அதன் காரணத்தை அறிதல் வேண்டும், அதன்பின்னரே தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும் என்று முறை வகுக்கின்றது. மாணவன் நடுவிலுள்ள படியைத் தாண்டிக் குதித்தான். “எது எண்ணாக வேண்டும்? எது இப்பொழுது எண்ணாக இல்லை?” என்று வினவியபின், சுழியத்தைப் பழையபடி எண்ணாக்கி, உள்வரும் சரத்தை இன்ட் என்னும் கட்டளையால் எண்ணாக மாற்றினான். நிரல் தடையின்றி ஓடியது.

பேசாப் பிழை

பிழைச்செய்தி இல்லை; விடை வந்துவிட்டது; மாணவன் பயிற்சியை ஒப்படைக்க எழுந்தான். பிழைகளுட் கொடியது இனித்தான் இருந்தது. செய்தி கூறும் பிழை குரைக்கும் நாய் போல்வது; அதன் இருப்பிடம் தெரியும். செய்தி கூறாத பிழையோ புல்லில் மறைந்த முள். அதனைக் காண்பதற்கு ஒரு வழியே உண்டு: விடையை முன்னரே நாம் அறிந்த ஒரு சிறு கணக்கை நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தல்.

ஏழு நாளுக்கும் முறையே 1, 2, 3, 4, 5, 6, 7 எனக் கொடுக்க எண்ணினோம். தாளில் கூட்டினால் மொத்தம் 28; சராசரி 4. நிரல் கூறியதோ மொத்தம் 21, சராசரி 3. இவ்விடை எத்துணைத் தோற்றப்பொலிவு உடையது என்பதை நோக்குக. பின்னம் இல்லை, முழுவெண், ஐயுறத்தக்க வடிவம் யாதுமில்லை. தாளில் முன்னரே கணக்கிட்டிராவிடில் எவரும் ஏற்றுக்கொண்டிருப்பர். அன்றியும் நிரல் ஆறு நாளைய எண்ணிக்கையை மட்டுமே கேட்டு நின்றதை மாணவன் கண்டும் காணாதிருந்தான்; ஏழு என்று அவன் நெஞ்சம் நம்பியிருந்தமையால் கண் எண்ணவில்லை. பைத்தானில் ரேஞ்ச் என்னும் கட்டளை தொடக்க எண்ணைச் சேர்க்கும், முடிவெண்ணைச் சேர்க்காது. ஒன்று முதல் ஏழு என்று எழுதினால் ஆறோடு நின்றுவிடும். எட்டு என்று எழுதினாலே ஏழு நாளும் அடங்கும்.

இதனைக் கண்ட மாணவன் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சி, முக்காற்புள்ளியைக் கண்டபொழுது தோன்றியதினும் பெரிது. ஏனெனில் இம்முறை கணினி குறைகூறவில்லை. அவனே கணினியின் விடையை ஐயுற்றுக் குறைகண்டான். குற்றஞ்சாட்டப்பட்டவன் என்ற நிலையினின்று ஆராய்வான் என்ற நிலைக்கு அவன் உயர்ந்தான்.

இலக்கண நூலும் நிரற்பிழையும்

நம் இலக்கண நூலார் சொற்றொடரில் நேரும் குற்றத்தை வழு என்று பெயரிட்டுத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகைப்படுத்தினர். அவர் கணினியைக் கருதி அங்ஙனம் வகுத்திலர். முன்னோர் எல்லாம் முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதலும் எமது கருத்தன்று. ஆயினும் தமிழ் வழியிற் பயின்ற மாணவன் பத்தாம் வகுப்பிற்குள்ளேயே இப்பெயர்களைக் கேட்டவன். அவன் அறிந்ததைக்கொண்டு அறியாததை விளக்குதல் எளிதாதலின் இவ்வொப்புமையைக் கூறுகின்றோம்.

உயர்திணை எழுவாய்க்கு அஃறிணைப் பயனிலை கொடுத்தால் திணைவழு. எண்ணொடு சரத்தைக் கூட்டுதல் அதனைப் போல்வது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோற் றோன்றினும் இனம் வேறு. யானையின் இளமையைக் கன்று என்றலே மரபு. பிள்ளை என்றால் பொருள் விளங்கினும் மரபுவழு. முக்காற்புள்ளியை விடுத்தல் இத்தகையது. பொருள் நமக்கு விளங்கும். மொழியின் மரபு கெட்டது. நேற்று வருவான் என்பது காலவழு. மொத்தத்திற்குச் சுழியத்தைக் கொடுக்கும் வரியை மடக்கிற்கு வெளியே வையாது உள்ளே வைத்தால், ஒவ்வொரு நாளும் மொத்தம் அழிந்து புதிதாகத் தொடங்கும். இறுதியிற் கடைசி நாளைய எண்ணிக்கையே எஞ்சும். கட்டளை சரியே, நிகழும் காலம் தவறு. ஏழு நாளை உள்ளத்தில் வைத்து ஆறு நாளைக் கேட்டதோ வினாவழு. கணினி தன்னை வினவியதற்குச் சரியாகவே விடையிறுத்தது. வினவியவன் தான் கருதியதை வினவவில்லை.

இவ்வொப்புமையால் மற்றொரு பயனும் உண்டு. வழு என்ற சொல்லில் வசையில்லை. அது தொடரின்மேல் வைத்துக் கூறப்படுவது, எழுதினான்மேல் வைத்துக் கூறப்படுவதன்று. ‘உன் நிரலில் ஒரு வழு இருக்கின்றது’ என்பதற்கும், ‘நீ தவறு செய்துவிட்டாய்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை, கேட்கும் இளைஞனின் முகத்திலே தெரியும். கணினி நூலார் ஆங்கிலத்திற் பிழையைப் ‘பூச்சி’ என்று பொருள்படும் சொல்லால் வழங்குவதும் இத்தகைய நயமுடையதே. எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே தம் கருவிகளின் குறைபாட்டை அச்சொல்லாற் குறித்தனர். 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் ஆர்வர்டு மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியினுள்ளே மெய்யாகவே ஒரு விட்டிற்பூச்சி சிக்கிக் கிடந்தது. பொறியை இயக்கியோர் அதனை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டிவைத்தனர். அக்கதையைக் கிரேசு ஆப்பர் அம்மையார் பலகாலும் எடுத்துரைத்துப் பரப்பினார். உள்ளே புகுந்த பூச்சியைத் தேடுகின்றோம் என்று எண்ணும்பொழுது, உதவுவானும் கற்பானும் ஒருபக்கத்தே நிற்கின்றனர். பிழை எதிர்ப்பக்கத்தே நிற்கின்றது.

உதவுவான் கைக்கொள்ள வேண்டிய நெறி

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது: மூன்று வினாக்கள். யாது நிகழவேண்டும் என்று எண்ணினாய்? யாது நிகழ்ந்தது? இடையில் யாது மாற்றினாய்? இம்மூன்றுக்கும் விடை கூறும்பொழுதே பாதிப் பிழைகள் தாமே வெளிப்படும். ஆண்ட்ரூ அன்ட், டேவிட் தாமசு என்னும் இருவர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரலர்க்குரிய நூல் ஒன்றில், தன் நிரலை வரிவரியாக ஒரு ரப்பர் வாத்துப் பொம்மைக்கு விளக்கியே பிழை கண்ட ஒருவரைக் குறிப்பிடுகின்றனர். வாத்து விடை கூறுவதில்லை. விளக்குவானது செவியே அவனுக்கு ஆசிரியனாகின்றது. வாத்து இல்லாவிடில் தூணுக்கும் சொல்லலாம். தம்பி தங்கையர்க்குச் சொன்னால் இன்னும் நன்று.

இரண்டாவது: பிழைச்செய்தியைப் படித்தல். பைத்தானில் நீண்ட செய்தி தோன்றினால் ஈற்று வரியை முதலிற் படிக்க. அதுவே பிழையின் வகையைக் கூறும். அதற்கு மேலுள்ளவை எவ்வரியில் நிகழ்ந்தது என்பதைக் கூறும். சிலபோது குறிக்கப்பட்ட வரியிற் குற்றம் இராது. மூடாது விட்ட பிறையடைப்பு முந்திய வரியில் இருக்கும். 2021 ஆம் ஆண்டில் வந்த பைத்தான் 3.10 பதிப்பு முதலாக இத்தகைய செய்திகள் முன்னினும் தெளிவாயின. எனினும் முந்திய வரியையும் நோக்கும் வழக்கம் வேண்டும்.

மூன்றாவது: தாளில் ஓட்டிப் பார்த்தல். மாறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பு யாதென எழுதுக. கணினி செய்வதாக நாம் எண்ணுவதை விடுத்து, எழுதியபடி செய்தால் யாது விளையும் என்பதை எழுதுக. பட்டறையில் சி.என்.சி. இயந்திரத்தை முதன்முறை இயக்குவோர், உருப்படியை வையாது வெறுமனே ஓட்டும் ‘ட்ரை ரன்’ முறையையும், ஒரு கட்டளைக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கும் ‘சிங்கிள் பிளாக்’ முறையையும் கையாளுகின்றனர். தாளில் ஓட்டுதல் அதன் உடன்பிறப்பே.

நான்காவது: பாதியாகப் பகுத்தல். நிரல் 64 வரியுடையதாயின் முதல் வரியினின்று கண்ணை ஓட்டுதல் வீண். நடுவில் நின்று மதிப்புகளைக் காட்டச் செய்க. அங்குச் சரியாயிருப்பின் குற்றம் பின்பாதியில், அன்றேல் முன்பாதியில். 64, 32, 16, 8, 4, 2 என ஆறு முறை பகுக்க ஒரு வரியில் வந்து நிற்கலாம்.

ஐந்தாவது: ஒருமுறைக்கு ஒரு மாற்றம். மூன்றிடத்தை ஒருங்கே மாற்றி நிரல் ஓடினால், எது நோய் எது மருந்து என்று அறிவதெங்ஙனம்? 1887 ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றைத் திரட்டி ஒப்புநோக்கியே பாடம் துணிந்தனர். தோன்றியவாறு சொல்லை மாற்றிப் பொருத்தினாரல்லர். அப்பொறுமை நிரலர்க்கும் வேண்டும். மாற்றுமுன், இதனால் யாது விளையும் என்று மாணவன் வாயாற் சொல்லட்டும். சொன்னபடி விளையாவிடில் அதுவும் ஓர் அறிவே.

ஆறாவது: விசைப்பலகை மாணவன் கையிலேயே இருத்தல். இதுவே எல்லாவற்றுள்ளும் தலையாயது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பாயிரத்திலே, மாணாக்கன் எவ்வளவு கொள்ளவல்லன் என்பதை அறிந்து, அவனுளங்கொள்ளுமாறு ஆசிரியன் கற்பிக்க வேண்டும் என்றனர். பிழை நீங்கியபின், அது ஏன் நேர்ந்தது என்பதைத் தன் சொல்லில் இரண்டு வரி குறிப்பேட்டில் எழுதச் செய்க. சில திங்களில் அக்குறிப்பேடு அவனுக்கே உரிய இலக்கண நூலாகும்.

இரண்டு தடைகளும் விடையும்

இதற்குத் தடை கூறுவார் இருவகையர். ஒருசாரார், ‘நாளைக் காலை பயிற்சியை ஒப்படைக்க வேண்டும், இத்துணை நேரம் எங்குளது? விடையைக் கொடுத்து அனுப்புதலே இரக்கம்’ என்பர். பசித்தவனுக்கு உணவளித்தல் அறமே. ஆயின் மெய்யாகவே நேரமில்லையாயின், முடிந்த அளவினை ஒப்படைத்து, எங்கே நின்றேன் என்பதை ஆசிரியர்க்கு உண்மையாக எழுதிக் கொடுப்பதே மாணவனுக்கு நன்று. பிறர் எழுதியதைத் தன் பெயரால் கொடுத்தவன், அடுத்த பயிற்சியை முன்னினும் குறைந்த அறிவோடு எதிர்கொள்கின்றான். அச்சமும் ஒரு படி கூடுகின்றது.

மற்றொரு சாரார், ‘இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கேட்டவுடன் நிரலை எழுதித் தருகின்றன, பிழையையும் திருத்துகின்றன, மனிதன் இதனைக் கற்பானேன்?’ என்பர். அப்பொறிகளை யாம் இகழ்கின்றேமில்லை. பிழைச்செய்தியின் பொருளைத் தமிழில் விளக்குமாறு அவற்றைக் கேட்டல் நற்பயன் தருவது. ஆயின் மொத்தம் 21, சராசரி 3 என்னும் விடையை ஒரு பொறி தந்தால், அது தவறு என்று ஐயுறும் ஆற்றல் யாரிடம் இருத்தல் வேண்டும்? பயன்படுத்துவானிடத்தன்றோ? தானே பிழை தேடிப் பழகாதவன் பிறர் விடையைச் சீர்தூக்க வல்லனாகான். உளி சுழலும் இயந்திரத்தின் முன்னே நிற்குங்கால் இக்குறை உயிரோடு விளையாடுவதாகும்.

சேமூர் பேப்பர்ட்டு என்னும் அறிஞர் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குழந்தைகள் பள்ளியில் விடையைச் சரி, தவறு என்று இரண்டாகவே பிரிக்கக் கற்கின்றனர், நிரல் எழுதுவோரோ அதனைத் திருத்தக்கூடியதா என்று நோக்கக் கற்கின்றனர் என்னும் கருத்தை வற்புறுத்தினர். சரி, தவறு என்னும் இரண்டே கட்டங்களில் தன்னை அடைத்துக்கொண்ட இளைஞனுக்கு, திருத்தலாம் என்னும் மூன்றாவது கட்டம் விடுதலையாகும்.

மொழியும் நம் கடமையும்

இறுதியாக மொழி பற்றிய ஒன்று. ஓசூர்ப் பகுதியில் ஒரு வகுப்பறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்னும் நான்கு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஒரே பலகையில் அமர்ந்திருத்தல் அரியதன்று. கணினியின் பிழைச்செய்தி அந்நான்கனுள் ஒன்றிலும் வருவதில்லை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுதல் இயலாததன்று. முத்தையா அண்ணாமலை என்பார் ஆக்கிய எழில் என்னும் நிரல்மொழி 2009 ஆம் ஆண்டில் கட்டுரை வாயிலாக உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன்கண் ‘பதிப்பி’ என்றால் கணினி திரையிற் காட்டும். ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்னும் சொற்கள் கட்டளைகளாக நிற்கும். தொடக்கநிலை மாணவனுக்குக் கருத்து முதலிலும் ஆங்கிலச் சொல் பின்னுமாக வருமாறு அமைந்த இத்தகைய முயற்சி போற்றத்தக்கது. எனினும் பட்டறையிலும் அலுவலகத்திலும் அவன் சந்திக்கப்போவது ஆங்கிலச் செய்தியே. ஆகவே அச்செய்தியை அஞ்சாது படிக்கப் பழக்குதலும் இன்றியமையாததே.

இங்குத்தான் தமிழ் பயிலும் நம்மனோர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. தொடக்கநிலை மாணவன் அடிக்கடி காணும் பிழைச்செய்திகள் ஏறத்தாழப் பத்தே. ‘சின்டாக்ஸ் எரர்’ என்பது தொடரமைப்பு வழு. ‘நேம் எரர்’ என்பது அறிமுகம் செய்யாத பெயரை வழங்கியமை. ‘டைப் எரர்’ என்பது இனம் மாறிக் கலந்தமை. ‘இன்டென்டேஷன் எரர்’ என்பது வரியின் உள்தள்ளல் பிறழ்ந்தமை. ‘இன்டெக்ஸ் எரர்’ என்பது பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டமை. இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் எளிய தமிழில் பொருளும், முதலில் எங்கே நோக்கவேண்டும் என்னும் ஒரு வரியும் எழுதி, தெலுங்கும் கன்னடமும் வல்ல நண்பரைக்கொண்டு அம்மொழிகளிலும் பெயர்த்து, பெரிய தாளிலே தீட்டிக் கணினிக் கூடத்தின் சுவரிலே மாட்டுதல் நம்மால் இயலாத செயலன்று. ஒரு விடுமுறை வாரத்தில் நான்கு மாணவர் கூடினால் முடியும்.

கணினி நுட்பம் முழுவதும் அறிந்தோர்தாம் இதற்கு வேண்டும் என்பதில்லை. பிறன் எழுதிய தொடரைப் பொறுமையோடு படித்து, அவன் கருதியது யாது, எழுதியது யாது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை யாது என்று காண்பதே நாம் நாடோறும் ஏட்டுச் சுவடிகளிலும் உரைகளிலும் செய்து பழகும் வேலை. அப்பழக்கத்தை அருகிலுள்ள பள்ளி மாணவன் ஒருவன் பொருட்டுச் சிறிது நேரம் செலவிடுவோமாயின், செந்நிற எழுத்துகளைக் கண்டு எழுந்து போகவிருந்தவன் ஒருவன் மீண்டும் நாற்காலியில் அமர்வான்.